சங்கேத நூலும் கணக்கிடும் யந்திரமும்

ராபின் ஸ்லோன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மிஸ்டர் பெனம்ப்ராவின் இருபத்துநான்கு மணி நேரப் புத்தகக் கடை’ என்னும் நாவலில், சான் பிரான்ஸிஸ்கோ நகரத்துப் புத்தகக் கடை ஒன்றில் இரவு நேர ஊழியனாகச் சேரும் இளைஞன், அங்கே வருகிறவர்களில் பலர் எதையும் விலைக்கு வாங்குவதில்லை, இரவல் வாங்கிக்கொண்டே போகிறார்கள் என்பதையும், அவர்கள் எடுத்துச் செல்லும் கனத்த நூல்களில் எந்தப் பாஷைக்கும் பொருந்தாத எழுத்து வரிசைகளே நிறைந்திருக்கின்றன என்பதையும் கண்டு திகைக்கிறான். கதையில் பேசப்படும், ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வெனிஸ் நகரில் அச்சுக்கூடம் நடத்திய ஆல்டஸ் மனூஷியஸ் சரித்திரத்தில் வாழ்ந்த மனிதர்தான். ஆனால் அவர் மரணத்தை வெல்லும் ரகசியத்தைச் சங்கேத நூலாக எழுதி வைத்துப் போனார் என்பதும், அதைப் படிப்பதற்கென்றே ஒரு சங்கம் தலைமுறை தலைமுறையாக இயங்குகிறது என்பதும் ஆசிரியரின் கற்பனை. அந்த நூலைக் கூகுள் நிறுவனத்தின் கணிப்பொறிகளிடம் ஒப்படைக்கிறார்கள்; உலகத்தின் மகத்தான கணக்கிடும் சக்தி அத்தனையும் திரண்டு வந்தும் ஒரு வார்த்தையைக்கூட வாசிக்க முடியாமல் தோற்றுப் போகிறது. விடை வேறிடத்தில் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்வதே அந்த நாவலை இனிமேல் படிக்கப்போகிறவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

கதையில் யந்திரம் தோற்றால்தான் கதாநாயகனுக்கு வேலை உண்டு. உண்மை உலகத்தில் இப்படிப்பட்ட பழைய சங்கேத நூல் ஒன்று கணிப்பொறியின் முன்னால் வைக்கப்பட்டபோது என்ன நடந்தது என்று கேட்டால், அதற்குக் கற்பனை கலவாத விடை 2011-ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. அந்த விடை நாவலைவிடச் சுவையிலும் குறைந்ததல்ல, யந்திரத்தைப் பற்றியும் மனிதனைப் பற்றியும் நாம் கொண்டிருக்கும் அபிப்பிராயங்களைத் திருத்துவதிலும் குறைந்ததல்ல.

‘கோபியாலே’ என்று இன்று ஆராய்ச்சியாளர்கள் அழைக்கும் அந்த நூல், பொன்னும் பச்சையும் இழைந்த சித்திரத் தாளால் மேலட்டை போடப்பட்ட, 105 பக்கங்கள் கொண்ட சிறிய கையெழுத்துப் பிரதி. 1760-க்கும் 1780-க்கும் இடையில் எழுதப்பட்டது என்று மதிக்கப்படுவது. அதில் எவரும் படிக்கக்கூடியதாக இருந்தவை இரண்டே இடங்கள்: உடைமையாளர் ஒருவர் பொறித்து வைத்த ‘பிலிப் 1866’ என்னும் குறிப்பு ஒன்று, கடைசியில் காணப்படும் ‘கோபியாலெஸ் 3’ என்பது மற்றொன்று. மீதியிருந்த ஏறத்தாழ 75,000 எழுத்துகளும் நுணுக்கமாகவும் நிதானமாகவும், அடித்தல் திருத்தல் அதிகமில்லாமலும், வார்த்தைக்கும் வார்த்தைக்கும் இடைவெளி என்பதே இல்லாமலும் எழுதப்பட்டிருந்தன. ரோமன் எழுத்துகள், கிரேக்க எழுத்துகள், தலையில் கூரையும் புள்ளியும் தாங்கிய எழுத்துகள், எந்த நெடுங்கணக்கிலும் இடம்பெறாத முக்கோணங்கள், வளைவுகள், சிலுவைகள் என்று சுமார் தொண்ணூறு வகைக் குறிகள் அதில் கலந்து கிடந்தன. ஸ்வீடன் தேசத்து உப்ஸாலா சர்வகலாசாலையைச் சேர்ந்த கிறிஸ்டியானே ஷேஃபர் என்ற பெண்மணியிடம் இந்த நூலின் நகல் பத்தாண்டுக்கு மேலாக இருந்தது. அவரும் அதே சர்வகலாசாலையின் பேயாட்டா மெஜேஷியும் எவ்வளவோ முயன்றும் அது வாய் திறக்கவில்லை.

இத்தகைய நூல்களைத் திறக்கும் சாஸ்திரத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வயது உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் வாழ்ந்த அல்-கிந்தி என்னும் அரபுத் தத்துவ ஞானி, எந்தப் பாஷையிலும் எல்லா எழுத்துகளும் ஒரே அளவில் வருவதில்லை என்ற சாதாரண உண்மையிலிருந்து ஓர் அசாதாரண முடிவுக்கு வந்தார். ஓர் எழுத்துக்குப் பதில் ஒரு குறி என்று மாற்றி எழுதிவிட்டால் எழுத்தின் உருவம் மறைகிறதே ஒழிய அது எத்தனை தடவை வருகிறது என்ற கணக்கு மறைவதில்லை. ஆகையால் சங்கேதத்தில் மிகுதியாக வரும் குறி, பாஷையில் மிகுதியாக வரும் எழுத்தாகவே இருக்கவேண்டும் என்பது அவர் வாதம். எத்தனை தடவை என்பதோடு, எதன் அருகில் என்பதும் ஒரு சாட்சி. தமிழையே எடுத்துக்கொள்வோம். டகரமும் ணகரமும் நம் சொற்களுக்கு முதலில் நிற்பதில்லை. ‘ங்’ என்ற மெய்யைக் கண்டால் அடுத்து வருவது பெரும்பாலும் ககரமே. மகர மெய்யில் முடியும் சொற்களோ ஏராளம். எழுத்துகளுக்கு எந்த வேஷம் போட்டாலும் இந்தப் பழக்கங்கள் அவற்றை விட்டுப் போவதில்லை; அந்தப் பழக்கங்களைக் கொண்டே வேஷத்துக்குள் இருப்பவர் இன்னார் என்று கண்டுபிடித்துவிடலாம்.

சங்கேதம் எழுதுகிறவர்களும் இதை அறியாதவர்கள் அல்லர். ஜெர்மன் பாஷையில் நூறு எழுத்துகளுக்குச் சுமார் பதினேழு ‘இ’ (e) என்ற ஒரே உயிரெழுத்தாக இருக்கும். அதற்கு ஒரே குறியை வைத்தால் முதல் பக்கத்திலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். எனவே அடிக்கடி வரும் எழுத்துக்கு ஐந்தாறு குறிகளை ஒதுக்கி, மாற்றி மாற்றி எழுதி, எல்லாக் குறிகளும் ஏறக்குறைய ஒரே அளவில் வருவதுபோன்ற தோற்றத்தை உண்டாக்கினார்கள்; போதாக்குறைக்கு, ஒரு பொருளும் இல்லாத வெற்றுக் குறிகளையும் இடையிடையே தூவினார்கள். நெடுங்கணக்கில் முப்பது எழுத்துக்கு மேல் இல்லாத பாஷைக்குத் தொண்ணூறு குறிகள் எதற்கு என்ற கேள்விக்கு விடை இந்தத் தந்திரத்தில் இருக்கிறது.

யந்திரத்திடம் விட்டுவிட்டால் எல்லாத் திறவுகோல்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிடாதா என்று தோன்றும். எழுத்துக்கு ஒரே குறி என்ற மிக எளிய சங்கேதத்தில்கூட, இருபத்தாறு எழுத்துகளை மாற்றி அடுக்கும் வழிகள் 4 என்ற எண்ணுக்குப் பின்னால் இருபத்தாறு பூஜ்யங்கள் இட்ட அளவுக்கு இருக்கின்றன. விநாடிக்கு நூறு கோடி வழிகளைப் பரீட்சை செய்யும் யந்திரத்துக்கும் அவற்றை முடிக்க ஏறத்தாழ 1,280 கோடி ஆண்டுகள் வேண்டும். இந்தப் பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான். ஆகவே கணிப்பொறி வேறு மார்க்கத்தில் போகிறது. ஏதோ ஒரு திறவுகோலை உத்தேசமாக வைத்துக்கொண்டு, கிடைக்கும் வாசகம் உண்மையான பாஷைபோல் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று மதிப்பெண் இடுகிறது. இரண்டு எழுத்துகளை மாற்றிப் பார்க்கிறது. மதிப்பெண் ஏறினால் மாற்றத்தை வைத்துக்கொள்கிறது, இறங்கினால் தள்ளிவிடுகிறது. மூடுபனியில் மலையேறுகிறவன் சிகரத்தைக் காணாவிட்டாலும் காலடியில் நிலம் மேடாகும் பக்கமாகவே அடியெடுத்து வைப்பது போன்றது இது. இந்த முறைக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயரும் மலையேற்றம் என்பதுதான். இதில் ஓர் அபாயமும் உண்டு. ஏறவேண்டிய மலையையே தவறாகத் தேர்ந்துவிட்டால் எவ்வளவு வேகமாக ஏறினாலும் சேருமிடம் தவறான சிகரமாகவே இருக்கும்.

கோபியாலே விஷயத்தில் முதலில் நேர்ந்தது அதுவே. அமெரிக்காவில் தென் கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த கெவின் நைட், சங்கேத சாஸ்திரத்தைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். ஒரு பாஷையிலிருந்து மற்றொரு பாஷைக்குக் கணிப்பொறியால் மொழிபெயர்க்கும் துறையில் பெயர் பெற்றவர். அந்நிய பாஷை நூலைச் சங்கேதத்தில் எழுதப்பட்ட நம் பாஷை நூலாகவே பாவித்து அவிழ்த்துவிடலாகாதா என்று வாரன் வீவர் என்ற கணித அறிஞர் 1940-களின் இறுதியில் எழுப்பிய கேள்வியிலிருந்து வளர்ந்த துறை அது. ஆகையால் நைட் சங்கேதங்களின் பக்கம் திரும்பியது வழி தவறியதாகாது. 2011-இன் தொடக்கத்தில் உப்ஸாலாவில் அவர் நிகழ்த்திய பிரசங்கத்தைக் கேட்ட ஷேஃபர், தம்மிடமிருந்த நூலைப் பற்றிச் சொல்ல, மெஜேஷி உட்பட மூவரும் சேர்ந்து வேலையைத் தொடங்கினார்கள்.

அந்த வேலையின் முதற்பகுதி யந்திரத்தினுடையது அன்று. தட்டெழுத்துப் பலகையில் இல்லாத தொண்ணூறு குறிகளுக்கும் தனித்தனிப் பெயர் சூட்டி, நூலின் வரிகளைப் பார்த்துப் பார்த்து மனிதக் கைகளே கணிப்பொறிக்குள் எழுதவேண்டியிருந்தது. சற்றே சாய்ந்த கோடும் நிமிர்ந்த கோடும் இரண்டு குறிகளா, ஒரே குறியின் கைப்பிழையா என்று ஒவ்வோர் இடத்திலும் தீர்மானித்தாக வேண்டும். இங்கே தவறு புகுந்தால் பிறகு எந்தக் கணக்கும் தேறாது.

பிறகு ஓர் அனுமானம் செய்தார்கள். நமக்குத் தெரிந்த ரோமன் எழுத்துகளிலேதான் செய்தி இருக்கும், மற்ற விசித்திரக் குறிகள் எல்லாம் கண்ணைக் கட்டுவதற்காகச் சேர்த்தவை என்பது அந்த அனுமானம். எவருக்கும் இயல்பாகத் தோன்றக்கூடியதுதான். ரோமன் எழுத்துகளை மட்டும் பிரித்தெடுத்து எண்பது பாஷைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எந்தப் பாஷையிலும் பொருள் பிறக்கவில்லை. ஒரு மனிதன் பேனாவும் காகிதமுமாக இந்த எண்பது பரீட்சைகளைச் செய்திருந்தால், அனுமானம் பொய் என்று ஒப்புக்கொள்வதற்குள் ஆயுளின் பெரும்பகுதி கழிந்திருக்கும். அவ்வளவு உழைத்த பிறகு அதைக் கைவிட மனமும் வந்திராது. யந்திரம் அந்தத் தோல்வியை அதைவிட எத்தனையோ மடங்கு விரைவில் சம்பாதித்துக் கொடுத்தது. கணிப்பொறி இத்துறைக்குச் செய்த பேருபகாரம், விடையைச் சொன்னது என்பதைவிட, தவறான எண்ணத்தைச் சீக்கிரமாக விட்டொழிக்க உதவியது என்பதே என் முடிவு.

அனுமானம் வீழ்ந்ததும் கேள்வியை மாற்றினார்கள். எந்தக் குறி எந்த எழுத்து என்று கேட்பதை விட்டு, எந்தெந்தக் குறிகள் ஒரே மாதிரியான அண்டை அயலாரோடு பழகுகின்றன என்று கேட்டார்கள். ஒரே எழுத்தைக் குறிக்கும் ஐந்து குறிகள் உருவத்தில் எவ்வளவு வேறுபட்டாலும் அவற்றுக்கு முன்னும் பின்னும் வருபவை ஒரே சாயலாக இருந்தே தீரும் அல்லவா? கணிப்பொறி குறிகளை அவ்வாறு இனம் பிரித்தபோது, அலங்காரம் எதுவும் இல்லாத ரோமன் எழுத்துகள் எல்லாம் ஒரே கூட்டமாகச் சேர்ந்தன. தலையில் கூரை தாங்கிய எழுத்துகள் வேறொரு கூட்டமாகச் சேர்ந்தன. முதல் கூட்டம் எழுத்தே அன்று, வார்த்தைகளுக்கு இடையே விடவேண்டிய இடைவெளி என்றும், இரண்டாவது கூட்டம் முழுவதும் அந்த ஜெர்மன் ‘இ’ என்றும் தெளிவாயிற்று. செய்தி விசித்திரக் குறிகளில் இருந்தது. கண்ணைக் கட்டுவதற்காக இடப்பட்டவை நமக்குப் பழக்கமான எழுத்துகளே.

அதற்கப்புறம் பாதை திறந்தது. ‘பிலிப்’ என்ற பெயர் எழுதப்பட்டிருந்த முறையும், எண்பது பாஷைப் பரீட்சையில் சற்றே முந்தி நின்றதும் ஜெர்மன் பாஷையைச் சுட்டின. அந்தப் பாஷையில் ‘சி’ என்ற எழுத்து தனித்து வருவது அருமை. அதன் பின்னால் ‘ஹெச்’ வரும், அந்த இரண்டையும் தொடர்ந்து பல இடங்களில் ‘டி’ (t) வரும். இணைபிரியாமல் வரும் குறிகளில் இந்தக் கூட்டைப் பொருத்திப் பார்க்க, சொற்களின் துண்டுகள் தென்பட்டன. முக்காற்புள்ளிபோல் இரண்டு புள்ளிகள் இட்ட குறி, முந்திய மெய்யை இரட்டிக்கச் சொல்லும் அடையாளம் என்று தெரிந்தது. 2011 ஏப்ரலில், ‘சேர்க்கைச் சடங்குகள்’ என்று பொருள்படும் தலைப்பு முதன்முதலாக வாசிக்கப்பட்டது.

வாசிக்கப்பட்ட சடங்கு மிகவும் விசித்திரமானது. சங்கத்தில் சேர விரும்புகிறவன் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார்கள். அதில் ஒன்றும் எழுதியிருப்பதில்லை. படிக்க முடியவில்லை என்று அவன் சொன்னதும் மூக்குக்கண்ணாடியை மாட்டி மறுபடியும் படிக்கச் சொல்கிறார்கள். அதற்கும் பயனில்லை என்றதும் கண்களைத் துணியால் துடைக்கிறார்கள். கடைசியாக, கண்ணுக்கு சஸ்திர சிகிச்சை செய்வதாகச் சொல்லி, அவன் புருவத்திலிருந்து ஒரே ஒரு ரோமத்தைப் பிடுங்குகிறார்கள். அஞ்ஞானத்தில் இருப்பவன் பார்வை பெறுகிறான் என்பதற்கு இது பாவனை. எழுத்துகளைவிடப் பெரிதாக வரையப்பட்டிருந்த சில குறிகள் எழுத்தைக் குறிப்பவை அல்ல, முழுச் சொற்களைக் குறிப்பவை என்பதும் அப்போது தெரிந்தது. ஜெர்மனியில் வோல்ஃபன்பியூட்டல் நகரத்தில் ஃபெல்ட்ஹைம் பிரபுவின் தலைமையில் இயங்கிய ‘கண் வைத்தியர்கள்’ என்னும் ரகசிய சங்கத்தின் நூல் இது. அதன் பிற்பகுதியில் ஃப்ரீமேசன் என்னும் ரகசியச் சகோதரத்துவ இயக்கத்தின் உயர்படிச் சடங்குகளும் விவரிக்கப்படுகின்றன. கத்தோலிக்கர்கள் அவ்வியக்கத்தில் சேரலாகாது என்று 1738-இல் போப்பாண்டவர் தடை விதித்திருந்த காலம் என்பதை நினைத்தால், கண் வைத்தியம் என்ற போர்வைக்குள் வேறொன்றைக் காப்பாற்றி வைத்தார்களோ என்று சில ஆராய்ச்சியாளர்கள் கருதுவதில் நியாயம் இருக்கிறது.

கணிப்பொறியின் துணையால் அனுமானம் வீழ்ந்து உண்மை எழுந்ததற்கு மற்றொரு சான்று, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023-இல் வெளிவந்தது. பிரான்ஸ் தேசத்து தேசிய நூலகத்தில், பதினாறாம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்த இத்தாலிய விவகாரங்கள் என்று பட்டியலிடப்பட்டிருந்த கட்டில் சங்கேதக் கடிதங்கள் பல இருந்தன. ஜார்ஜ் லாஸ்ரி என்ற கணிப்பொறி விஞ்ஞானியும், நார்பர்ட் பியர்மன் என்ற சங்கீத ஆசிரியரும், சதோஷி தோமோகியோ என்ற ஜப்பானிய பௌதிக வல்லுநரும் அவற்றை ஆராய்ந்தபோது, பட்டியல் சொன்ன இத்தாலிய பாஷை பொருந்தவில்லை, பிரெஞ்சு பொருந்தியது. எழுதியவர் ஒரு பெண் என்பதை இலக்கண விகுதிகள் காட்டின. ‘என் விடுதலை’, ‘என் மகன்’ என்ற சொற்கள் வந்தன. இங்கிலாந்து ராணி எலிசபெத்தின் ஒற்றர் தலைவரான வால்ஸிங்கத்தின் பெயரும் வந்தது. சிறையிலிருந்த ஸ்காட்லாந்து ராணி மேரி 1578-க்கும் 1584-க்கும் இடையில், பெரும்பாலும் பிரெஞ்சுத் தூதர் காஸ்டெல்னோவுக்கு எழுதிய 57 கடிதங்கள் அவை. அவற்றில் சுமார் ஐம்பது சரித்திர ஆசிரியர்கள் அதுவரை கண்டிராதவை. 1586-இல் வேறொரு சங்கேதத்தில் அவர் எழுதிய கடிதத்தை வால்ஸிங்கத்தின் ஆட்கள் வாசித்துவிட்டதே மறு ஆண்டில் அவர் சிரச்சேதம் செய்யப்படக் காரணமாயிற்று. இந்தக் கடிதங்களில் பெரும்பாலானவையோ நானூறு ஆண்டுக்கு மேல் தம் ரகசியத்தைக் காத்து நின்றன.

இத்தனை வெற்றிகளைச் சொன்ன பிறகு, தோல்வியையும் சொல்வதே முறை. 1912-இல் வில்ஃப்ரிட் வாய்னிச் என்ற புத்தக வியாபாரி வாங்கி, இப்போது அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலை நூலகத்தில் இருக்கும், பெயர் தெரியாத செடிகளின் படங்கள் நிறைந்த கையெழுத்து நூலை இன்றுவரை எவரும் ஐயமற வாசித்ததில்லை. வாசித்துவிட்டேன் என்றவர்களுக்கோ பஞ்சமில்லை. பென்ஸில்வேனியா சர்வகலாசாலையில் தத்துவ ஆசிரியராக இருந்த வில்லியம் நியூபோல்ட், எழுத்துகளைப் பூதக்கண்ணாடியால் பார்த்தால் ஒவ்வொன்றும் நுண்ணிய கீற்றுகளால் ஆனது என்றும், அந்தக் கீற்றுகளே மெய்யான செய்தி என்றும், நூலை எழுதியவராகத் தாம் கருதிய பதிமூன்றாம் நூற்றாண்டு ஞானி ரோஜர் பேக்கனுக்குத் தொலைநோக்கியும் நுண்பெருக்கியும் தெரிந்திருந்தன என்பதை அது நிரூபிக்கிறது என்றும் 1921-இல் அறிவித்தார். எழுத்தின் உருவத்துக்குள்ளேயே ரகசியம் புதைந்திருக்கிறது என்பது நாவலுக்கு மிக நேர்த்தியான முடிவு. ஆனால் ஜான் மேன்லி என்ற பேராசிரியர் 1931-இல் பொறுமையாகப் பரிசோதித்துக் காட்டியபடி, அந்தக் கீற்றுகள் நூல் எழுதப்பட்ட கரடுமுரடான தோலின்மேல் மசி உலர்ந்து விரிந்த வெடிப்புகளே. நியூபோல்டின் முறையைக் கையாண்டால் ஒரே வரியிலிருந்து விரும்பிய வாசகம் எதையும் பெறலாம். பிற்காலத்தில் அந்தத் தோலைக் கதிரியக்கக் கரிம முறையால் ஆராய்ந்தபோது அதன் காலம் 1404-க்கும் 1438-க்கும் இடைப்பட்டது என்று தெரிந்தது. பேக்கன் மறைந்து அப்போது நூறு ஆண்டு கடந்துவிட்டது.

நியூபோல்ட் புரட்டர் அல்லர், கல்விமான், நேர்மையானவர். அவருக்கும் கோபியாலேயைத் திறந்தவர்களுக்கும் உள்ள வித்தியாசம் புத்தியின் அளவில் இல்லை. தம் அனுமானத்தைத் தோற்கடிக்கக்கூடிய பரீட்சை ஒன்றுக்கு அதை உட்படுத்தினார்களா என்பதில் இருக்கிறது. நைட்டும் அவருடைய தோழிகளும் தந்த குறிப் பட்டியலை எடுத்துக்கொண்டு, ஜெர்மன் தெரிந்த எவரும் கோபியாலேயின் எந்தப் பக்கத்தையும் விரித்து அதே பொருளைப் பெறலாம். இரண்டு பேர் பெறும் வாசகம் வேறுபடாது. நியூபோல்டின் திறவுகோலோ அவர் கையில் மட்டுமே திறந்தது.

பழைய நூல்களின் ரகசியத்தைக் கணிப்பொறியும் செயற்கை அறிவும் உடைத்துவிட்டதாக இனிமேல் பத்திரிகைகளில் அடிக்கடி செய்தி வரும். அப்படி ஒரு செய்தியைப் படிக்கும்போது, எந்த யந்திரம், எவ்வளவு வேகம் என்று கேட்பதில் லாபமில்லை. திறவுகோலை எல்லோரும் பார்க்கும்படி வைத்தார்களா, அதைக் கொண்டு மற்றொருவர் மற்றொரு பக்கத்தைத் திறந்து அதே பொருளைக் கண்டாரா என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்ற விடை வந்தால் அது விஞ்ஞானம். வராவிட்டால், எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும், அது துப்பறியும் நாவல்.